டில்லியில் சாகாதவன்

கேஹர் சிங் செத்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் பேரில் எல்லோருக்கும் சோறு போட்டு, அவன் பெண்டாட்டியை அவன் அண்ணனுக்கே கட்டியும் வைத்தது. அதற்கு இருபதாவது நாள் அவன் உயிரோடு வந்து சேர்ந்தான்.

நிஹாலி அப்போது கம்பங்கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தாள். முதல் மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்திருந்தது. வரப்பில் ஒரு ஆள் வந்து நின்றான். தலைமுடியை ஒட்டக் கத்தரித்திருந்தான். தாடி இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. தோள் எலும்பு சட்டையைத் துருத்திக்கொண்டு நின்றது. அந்த வருஷம் பஞ்சாபில் வழிப்போக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை. பாதிப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமலே மரத்தடிக் கலயத்தைக் கை காட்டினாள்.

"மோர் இருக்கு. குடிச்சிட்டுப் போ."

அவன் குடித்தான். பாதியில் நிறுத்தினான்.

"இன்னும் உப்புப் போடக் கத்துக்கலையா நீ?"

கொத்து அவள் கையிலேயே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த உப்புக்காக அவர்கள் சண்டை போடாத வாரம் கிடையாது.

"ஐயோ, நீங்க செத்துட்டீங்களே!" என்றாள்.

"வர்ற வழியெல்லாம் அப்படித்தான் சொன்னாங்க" என்றான் கேஹர் சிங்.

மார்க்கண்டா ஆற்றங்கரையில் நாற்பது வீடுகள் கொண்ட ஊர் ஜண்ட்வாலி. நிலம் அத்தனையும் சௌத்ரி தில்சுக் ராயுடையது. உழுவது ஊர், விளைச்சலில் பாதி சௌத்ரிக்கு. மீதிப் பாதியிலும் அவர் மகன் கல்யாணத்துக்கு, அவர் குதிரைக்கு, அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு என்று ஆள் வந்து அள்ளிக்கொண்டு போவான். கேஹரின் அப்பா அப்படித்தான் உழுது செத்தார். அவருடைய அப்பாவும் அப்படித்தான்.

பிறகு பந்தா சிங் வந்தார். தெற்கே கோதாவரிக் கரையில் துறவியாக இருந்தவர். சீக்கியர்களின் பத்தாவது குரு தன் அம்புகளைக் கையில் கொடுத்து வடக்கே அனுப்பியவர். டில்லி ஆட்சியின் கையிலிருந்த ஸதௌரா விழுந்தது. சிர்ஹிந்த் விழுந்தது. சௌத்ரி தில்சுக் ராய் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனார். போகும்போது மறந்துபோன புகைபிடிக்கும் ஹூக்காவை எடுக்க ஆளனுப்பினார். அந்த ஆளும் திரும்பிப் போகவில்லை.

பந்தா சிங்கை ஜண்ட்வாலி கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய குதிரைக்காரன் ஒருத்தன் தான் வந்தான். தாளும் இல்லை, முத்திரையும் இல்லை. உழுகிறவன் எல்லாம் அவனவன் உழுகிற நிலத்தில் போய் நில்லுங்கள் என்றான். கேஹர் போய் நின்றான். பக்கத்துக் கொல்லைக்காரன் நூரா மட்டும் வரப்பிலேயே தயங்கிக்கொண்டிருந்தான்.

"நான் தொழுகை பண்றவன்ங்க. எனக்குமா?"

"நீ உழுறியா இல்லையா?"

"உழுறேன்."

"அப்புறம் என்னய்யா கேள்வி? போய் நில்லு."

எல்லோரும் நின்ற பிறகு குதிரைக்காரன் சொன்னான்: "நிக்கிற எடம் நிக்கிறவனோடது. இனிமே பங்கு கேட்டு எவன் வந்தாலும் பந்தா சிங் கிட்டப் போய்க் கேக்கச் சொல்லு." அவ்வளவுதான். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான். நிஹாலிக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வருஷம் கோதுமையைக் களத்திலிருந்து நேராக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கொட்டி வைக்க இடம் போதவில்லை. மாட்டுத் தொழுவத்தில் கொட்டினார்கள்.

ஊரில் பாதிப் பேர் அந்த வருஷம் முடி வளர்த்தார்கள், பேருக்குப் பின்னால் சிங் என்று சேர்த்துக்கொண்டார்கள். கேஹரும் சேர்த்துக்கொண்டான். அவன் அண்ணன் மங்கலும் சேர்த்துக்கொண்டான்.

அது நிலைக்கவில்லை. டில்லியிலிருந்து பெரிய படை வந்தது. பந்தா சிங் மலைப்பக்கம் போனார். "மண்ணக் குடுத்தவரு காட்டுல ஒளியிறாரு, நான் இங்க களை பறிக்கவா?" என்று கேஹர் வீட்டிலிருந்த ஒரே ஈட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனான். படை ஆற்றங்கரையை எட்டுவதற்குள் மங்கல் நாவிதரைக் கூப்பிட்டனுப்பினான். மங்கல் சிங் மறுபடியும் வெறும் மங்கல் ஆனான். சௌத்ரி திரும்பி வந்தார். பாதிப் பங்கும் திரும்பி வந்தது. யார் தலையில் முடி இருக்கிறது, யார் தலையில் இல்லை என்று அவருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. மங்கல் ஊர்த் தலைவன் ஆனான்.

ஐந்து வருஷம் கேஹரிடமிருந்து வந்ததெல்லாம் யாரோ யாரிடமோ சொன்ன சேதிகள். கடைசியாக, குர்தாஸ் நங்கல் கோட்டையில் பந்தா சிங்கோடு அடைபட்டுக் கிடக்கிறான் என்று சேதி. பிறகு டில்லிச் சேதி. கோட்டையில் பிடித்த பந்தா சிங்கைக் கூண்டில் அடைத்து, எழுநூற்றுச் சொச்சம் பேரை ஒட்டகத்தில் கட்டி ஊர்வலம் விட்டார்கள். தினமும் நூறு பேராக வெட்டினார்கள். மதத்தை விட்டால் உயிர் என்று சொல்லியும் ஒருத்தன்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் பந்தா சிங்கை, அவருடைய சின்னப் பிள்ளையை அவர் கண்முன்னே கொன்றுவிட்டு, துண்டு துண்டாக வெட்டிக் கொன்றார்கள்.

சேதி கேட்டு ஜண்ட்வாலி அழுதது. சத்தம் வராமல் அழுதது. அழுது முடித்ததும், அந்த எழுநூறு பேரில் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தது. முடி வெட்டிக்கொண்டவர்கள்தான் அதை அதிகம் சொன்னார்கள். மங்கல் தம்பிக்காக மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்த அழுகையில் பொய் இல்லை என்று நிஹாலிக்குத் தெரியும். பிறகு, தனி மனுஷி ஏர் பிடிக்க முடியுமா என்று ஊர் பேசியது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெண்டாட்டி செத்துத் தனியாக இருந்த மங்கல் ஐந்து பேர் முன்னிலையில் தம்பி மனைவி மேல் ஒரு போர்வையைப் போர்த்தினான். அதோடு கல்யாணம் முடிந்தது.

இதையெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து அவள் கேஹருக்குச் சொன்னாள். அவன் கலயத்தைக் கையில் வைத்தபடி கேட்டான்.

"எத்தன நாளாச்சு?"

"இருபது."

"முடியக் கத்தரிச்சுக்கிட்டு மாசக்கணக்கா ஒளிஞ்சு நடந்தேன், கால்ல புண்ணு. சிர்ஹிந்த் பக்கம் ஒரு கொட்டகையில ஒரு மாசம் படுத்துட்டேன்" என்றான். "நடந்திருக்கலாம். வலிச்சுது. படுத்துட்டேன்."

அவளுக்கு அவனைத் தொட வேண்டும் போலிருந்தது. யாரையாவது அடிக்கவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் கேட்டாள்: "எப்படித் தப்பிச்சீங்க?"

"தப்பிக்கல. வந்துட்டேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எட்டு மாசம் அடைச்சு வச்சிருந்தானுங்க. மொதல்ல எருது, அப்புறம் குதிர, அப்புறம் மரப்பட்ட. எலும்ப இடிச்சு மாவாக்கித் தின்னோம். நடுவுல பெரியவங்களுக்குள்ள சண்ட வந்துருச்சு. வெளிய பாஞ்சு போயிரலாம்னு ஒரு கட்சி, உள்ளயே இருக்கணும்னு பந்தா சிங். ஒரு கூட்டம் வெட்டிக்கிட்டு வெளிய போச்சு. நானும் அதுல போனேன்."

"அதுல என்ன தப்பு? அவங்க பக்கமும் ஞாயம் இருந்திருக்கும்."

"இருந்துச்சு. அவங்க ஞாயத்துக்காகப் போனாங்க. நான் பசிச்சுப் போனேன்." அவன் மீதி மோரைக் குடித்தான். "நான் போறப்ப பந்தா சிங் செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு. என்னைப் பாக்கல. என் பேரு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நின்னுருப்பேனோ என்னவோ."

நூராவின் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. வைக்கோல் அறையில் கேஹரை உட்கார வைத்து, நூராவின் மனைவி கடலைமாவு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். ஆறு ரொட்டி தின்றான். ஏழாவதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். நூரா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

"மலைப் பக்கம் போயிரு, கேஹர்" என்றான் நூரா. "இங்க ஒரு சிங்கக் காட்டிக் குடுத்தா பரிசு. வச்சிருந்தா ஊரையே கொளுத்துவான். அண்ணியக் கூட்டிக்கிட்டு ரெண்டு பேருமாப் போயிருங்க."

"எதுக்குப் போகணும்? என் கொல்லைக்கு வந்திருக்கேன். அந்தக் கோட்டையில என்னென்ன தின்னேன்னு உனக்குத் தெரியாதுடா. இந்தக் கொல்லைய நெனச்சுக்கிட்டேதான் தின்னேன். அண்ணனக் கூப்பிடு."

"வேண்டாம்."

"கூப்பிடுறா. எங்கண்ணன் தானே."

சாயங்காலம் மாடுகள் வீடு திரும்பும் நேரத்துக்கு மங்கல் வந்தான். வாசலிலேயே தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவன் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். நிஹாலி மூலையில் முக்காட்டை மார்பு வரை இழுத்துவிட்டு நின்றாள். இத்தனை வருஷமாக மூத்தவர் முன்னால் அப்படித்தான் நின்றாள். போர்வை போர்த்திய பிறகு அது தேவையில்லை. இன்று பழையபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உனக்காக அழுதேன்டா. சத்தியமா அழுதேன்."

"தெரியும்ணே."

"ஆனா நீ செத்துட்ட. ஊரு முழுக்கச் செத்துட்ட. சௌத்ரி கிட்ட நானே சொல்லியிருக்கேன், எங்க வீட்ல இருந்த ஒரு சிங்கும் டில்லியில ஒழிஞ்சான், இனிமே எங்க ஊர்ல யாருமில்லன்னு. அதுக்கப்புறம் தான் அவரு சிங்குகளத் தேடிக் குதிரைக்காரன அனுப்பறத நிறுத்தினாரு. இப்ப நீ வந்து நின்னா நான் என்ன சொல்லட்டும்?"

"உயிரோட இருக்கான்னு சொல்லு."

"அதானேடா பிரச்சினை!"

"சரி, ஊரு பேச்ச விடு. என் கொல்லையக் குடு, என் பெண்டாட்டியக் குடு. நான் பாட்டுக்கு உழுதுட்டுக் கெடக்கறேன்."

முக்காட்டுக்குள் நிஹாலி அதைக் கேட்டாள். முதலில் கொல்லை, பிறகு அவள். பசியில் கிடந்த மனுஷன் பேச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு முக்காட்டைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டாள். மங்கல் திகைத்துப்போனான்.

"கொல்ல வேண்டாம்" என்றாள் கேஹரிடம். "நான் உங்ககூட வர்றேன். இப்பவே கெளம்புவோம். எங்கயாவது கூலிக்கு அறுத்துப் பொழச்சுக்கலாம்."

"கூலிக்கா? யாரு கொல்லையில?"

"யாரு கொல்லையிலயோ!"

"நான் போகமாட்டேன், நிஹாலி. நிக்கிற எடம் நிக்கிறவனோடதுன்னு உன் காதுலயும் தானே விழுந்துச்சு?"

"சொன்னவன் செத்துட்டான். அவன அனுப்பினவரும் செத்துட்டாரு!"

"நான் சாகல" என்றான் கேஹர். அவன் குரலில் பெருமை இல்லை. யாரோ செய்த குற்றத்தைச் சொல்வது போலச் சொன்னான்.

மங்கல் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் யோசித்தது எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை சௌத்ரி தில்சுக் ராய் நாலு குதிரைக்காரர்களோடு கிணற்றடிக்கு வந்தார். குண்டான, அலுப்புத் தட்டிய மனிதர். வெறுப்பு என்று அவருக்கு யார் மேலும் பெரிதாக இல்லை. வேலை கெடக்கூடாது, அவ்வளவுதான். கேஹரைக் கையைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஊர் வட்டமாக நின்றது.

"இந்த ஆளு தன்ன கேஹர்னு சொல்லிக்கிட்டு நெலம் கேக்கறானாம்" என்றார் சௌத்ரி. "கேஹர் டில்லியில செத்தான்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப நீங்க பொய் சொன்னீங்களா, இவன் பொய் சொல்றானா? இவன் கேஹர்னா, கலகக்காரன். தலைய இப்பவே எடுத்துருவாங்க. அவன ஒளிச்சு வச்ச ஊரு என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. இவன் வேற எவனோன்னா, பத்து அடி குடுத்துத் தொரத்திட்டு நான் சாப்பிடப் போவேன். மங்கல், நீ சொல்லு."

"எந்தம்பி செத்துட்டான், எஜமான்" என்றான் மங்கல். சொல்லிவிட்டுத் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

சௌத்ரி வரிசையாகக் கேட்டார். தச்சன் தெரியாது என்றான். கேஹரோடு ஒன்றாக ஆற்றில் நீச்சல் கற்றவர்கள் தெரியாது என்றார்கள். கேஹரின் கல்யாணத்தில் மேளம் அடித்தவன் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, சாடை இருக்கிறது, ஆனால் அவன் இல்லை என்றான். நூராவின் முறை வந்தது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். அவன் மனைவி பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியலைங்க."

கேஹர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கோபம் அவன் முகத்தில் இல்லை. கோட்டை வாசலில் நின்று யார் யார் வெளியே போகிறார்கள் என்று பார்ப்பவனைப் போல இருந்தான்.

"பொம்பளையக் கூப்பிடு" என்றார் சௌத்ரி. "புருஷன் யாருன்னு அவளுக்குத் தெரியாமப் போகாது."

நிஹாலி வந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆமாம் என்றால் அவன் தலை போகும். இல்லை என்றால் பத்து அடியோடு உயிர் பிழைப்பான். எந்த முட்டாளுக்கும் புரியும் கணக்கு. ஆனாலும் அவளுக்கு நேற்று அவன் சொன்ன 'போகமாட்டேன்' ஞாபகம் வந்தது. முதலில் சொன்ன கொல்லை ஞாபகம் வந்தது. தீப்பிடிக்கப் போகும் நாற்பது கூரைகளும், அதில் தன் கூரையும் ஞாபகம் வந்தது. இத்தனையும் சேர்ந்துதான் அவள் வாயிலிருந்து வந்தது.

"எம்புருஷன் டில்லியில செத்துட்டாரு. இந்த ஆள எனக்குத் தெரியாது."

கேஹர் அவளையே பார்த்தான். கண்ணால் ஏதாவது சொல்லலாம் என்று அவள் பார்த்தாள். சௌத்ரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப நீ யாருடா?" என்றான் குதிரைக்காரன் ஒருத்தன்.

நான்தான் கேஹர் சிங் என்று அவன் கத்துவான் என்று நிஹாலி நினைத்தாள். கத்தக்கூடாது என்று வேண்டினாள். கத்தினால் தானும் கத்திவிடுவாள் என்று தோன்றியது. அவன் கத்தவில்லை.

"யாருமில்ல" என்றான். "பசிச்சுது. அதான் வந்தேன்."

பத்து என்று சொன்னாலும் பதினைந்தோ இருபதோ அடித்தார்கள். ஆற்றங்கரை வரை ஓட்டிக்கொண்டு போய் விட்டார்கள். அவன் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவில் ஒரு முறை தடுமாறி, அக்கரை ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. உயிரைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று புரிந்து போனானா, அண்ணனோடு சேர்ந்துகொண்டாள் என்று நினைத்துப் போனானா, அவளுக்குத் தெரியவில்லை. கடைசி வரை தெரியவே இல்லை. அந்த வாரமே மங்கல் அவளுக்கு ஒரு புதுச் சால்வை வாங்கி வந்தான். அவள் அதைப் போர்த்திக்கொள்ளவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. மாட்டுக்குக் குளிர் காலத்தில் போர்த்தினாள்.

இரண்டு வருஷம் கழித்து மங்கலுக்கு அவள் ஒரு மகனைப் பெற்றாள். சந்தா என்று பேர். அவன் வளர்ந்தது நாடெங்கும் சிங்குகளை வேட்டையாடிய காலம். சித்தப்பா டில்லியில் தலை கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தான். மங்கல்தான் சொன்னான், வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டிச் சொன்னான். கடைசியில் கேஹர் பந்தா சிங்கின் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்று செத்தான். நிஹாலி ஒரு தடவைகூட மறுத்துச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஊர் நடுவில் நின்று அவளே சொன்ன வார்த்தை அது.

பதினேழு வயதில் சந்தா முடி வளர்த்துக்கொண்டு காட்டிலிருந்த சிங்குகளோடு சேர்ந்தான். மங்கல் அவனை மறுபடி பார்க்காமலே செத்தான். காலம் மெதுவாகத் திரும்பியது. கேஹர் ஆற்றைத் தாண்டிப் போய் நாற்பத்தெட்டு வருஷம் கழித்து சிர்ஹிந்த் மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை மீளாமல் விழுந்தது. குதிரை வீரர்கள் ஊர் ஊராகப் பாய்ந்து, ஒரு ஊரில் வாள் உறையை, இன்னொன்றில் இடுப்புக் கச்சையை, வேறொன்றில் தலைப்பாகையை வீசி எறிந்து, இது என்னுடையது, அது என்னுடையது என்று பிடித்துக்கொண்டார்கள். ஜண்ட்வாலிக் கிணற்றடியில் வந்து விழுந்த கச்சை சந்தா சிங்குடையது.

ஊர் ஆடிப் பாடியது. சௌத்ரியின் பேரன்கள் வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். எழுபத்திரண்டு வயதில் நிஹாலியும் வாசலுக்கு வந்து நின்று, குதிரையிலிருந்து இறங்கிய நரைத்த தாடிக்காரன் தன் மகன்தான் என்று பார்த்து அழுதாள். மறுபடியும் கோதுமை நேராக வீட்டுக்கு வரும் என்று உழுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த அறுவடையில் சர்தார் சந்தா சிங்கின் ஆட்கள் களத்துக்கு வந்து பாதியை அளந்தார்கள்.

கேட்டால் பதில் இருந்தது. ஐம்பது குதிரைக்குத் தீனி வேண்டாமா? நாளைக்கு ஆப்கான் படை வந்தால் யார் நிற்பது? அதோடு ஊர் நடுவில், கிணற்றடியில், தியாகி கேஹர் சிங் நினைவாக ஒரு கோயில் கட்டிக்கொண்டிருந்தான் சந்தா சிங். செங்கல் வேலை, வெள்ளைப் பூச்சு, மேலே கொடி. அது முடிந்து முதல் முறை கூடிய அன்று சுற்று வட்டாரமே வந்தது. பந்தா சிங்கின் வீரத்தை மூன்று பாடகர்கள் பாடினார்கள். போர்கள் எல்லாம் வந்தன. அம்புகள், கோட்டைகள், டில்லிக் கூண்டு எல்லாம் வந்தன. உழுகிறவனை நிலத்தில் போய் நிற்கச் சொன்னது மட்டும் பாட்டில் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் நூராவின் மகன் ஷாதி எழுந்தான். நூரா செத்துப் பல வருஷமாகிறது. ஷாதிக்கே ஐம்பது வயது.

"சர்தார், ஒரு விண்ணப்பம். உங்க சித்தப்பா நெலத்துல நின்ன அன்னிக்கே எங்கப்பாவும் பக்கத்துல நின்னாரு. பந்தா சிங் குடுத்தது. நீங்களே இப்படிப் பாதி எடுத்தா நாங்க எங்க போறது? அவரோட ஆணைப்படி விட்டுருங்க."

"ஆணைக்குத் தாளு இருக்கா, ஷாதி?"

"தாளு இல்ல. பெரியம்மா இருக்காங்க. அவங்க பாத்தாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நிஹாலி பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், தியாகியின் மனைவிக்கென்று போட்ட விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். கையை ஊன்றி எழுந்தாள்.

"பாத்தேன். நெசம்தான்" என்றாள். "நூரா நின்னான். தொழுகை பண்றவனுக்குமான்னு கேட்டான், உழுறியா இல்லையான்னு அந்த ஆளு திருப்பிக் கேட்டான். இந்த ஊர்ல யாரு கொல்லையும் உன்னோடது இல்லடா, சந்தா. உங்கப்பனோடதும் இல்ல."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சந்தா சிங் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டு வருஷமாக அடைத்து வைத்தது அன்றைக்கு நிற்கவில்லை.

"இன்னொன்னும் சொல்றேன். உங்க சித்தப்பா டில்லியில சாகல. பசிச்சுக் கோட்டைய விட்டு வந்துட்டாரு. இதே எடத்துல, இதோ இந்தச் செங்கல் இருக்கே, இங்க வந்து நின்னாரு. ஊரு மொத்தமும் தெரியாதுன்னு சொல்லுச்சு. உங்கப்பன் சொன்னான். நூரா சொன்னான். நான் சொன்னேன். அடிச்சுத் தொரத்தினாங்க. எந்த மண்ணுல விழுந்து செத்தாரோ. அவருக்குக் கோயில் கட்டறதா இருந்தா அத மொதல்ல பாடச் சொல்லு!"

அன்றைக்குக் கிணற்றடியில் நின்றவர்களில் உயிரோடு இருந்தது அவள் ஒருத்திதான். சந்தா சிங்கின் முகம் சிவந்தது. ஆனால் அவனுக்கு முன்னால் பேசியது ஷாதி. வேகமாக வந்து அவள் கையைப் பிடித்தான்.

"பெரியம்மா, இத விடுங்க" என்று காதோடு சொன்னான். "அவரு தியாகியா இருந்தாத்தான் எங்க பேச்சுக்கு மதிப்பு. ஓடி வந்தவரோட சேர்ந்து நெலம் வாங்கினோம்னா யாரு குடுப்பான்? உங்க காலப் பிடிக்கறேன். தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்க."

"நீயுமாடா?"

"எனக்கு நாலு புள்ளைங்க, பெரியம்மா."

நிஹாலி அவனைப் பார்த்தாள். நூராவின் அதே அகலமான நெற்றி. வாயைத் திறந்து மூடும் அதே முகம். அவளால் அவன் மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கசந்தது.

"அம்மாவுக்கு வயசாயிருச்சு" என்றான் சந்தா சிங் கூட்டத்தைப் பார்த்து. குரல் அன்பாகவே இருந்தது. "புருஷன் செத்ததே அவங்களுக்கு இன்னும் மனசுல ஏறல. வந்துட்டாரு வந்துட்டாருன்னு எத்தன வருஷம் கனவு கண்டிருப்பாங்களோ." பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பாடகன் தலையை ஆட்டியபடி வாத்தியத்தை மடியில் எடுத்து வைத்தான். "ஷாதி, உன் விண்ணப்பத்தையும் கேட்டேன். பாதி பாதிதான். ஆனா தியாகியோட தோழன் குடும்பம் நீங்க. கோயில் சமையலுக்கு விறகு வெட்டிப் போடற உரிமைய உங்க குடும்பத்துக்கே குடுக்கறேன்."

ஷாதி குனிந்து வணங்கினான். கூட்டம் சர்தாரை வாழ்த்தியது.

நிஹாலி அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். கோயில் பக்கம் போகவில்லை. சமைத்து அனுப்பியதைத் திருப்பி அனுப்பினாள். அறுவடைக் காலத்தில் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு ஷாதியின் களத்துக்குப் போய், கோதுமைக் குவியலுக்கு நேர் எதிரே உட்காருவாள். தன் கண்முன்னால் பாதியை அளக்க அந்த ஆட்களுக்குக் கை கூசும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். முதல் வருஷம் அளக்கிறவன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அளந்தான். இரண்டாவது வருஷம், வெயிலாக இருக்கிறதே என்று, அவளுக்கு நிழலாகத் தன் வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டு அளந்தான்.